சொல்லிவிட்ட விண்ணப்பம்

கிருஷ்ணன்குட்டி கொண்டுவந்தது நல்ல செய்திதான். அதைச் சொல்லாமல் தொடங்கினால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்ததாகிவிடும்.

மிதுன மாத மழை ஆரியங்கோடு ஊரை விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் ரப்பர் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாட்களில் விஜயதாஸ் வீட்டுக்கும் சாயைக்கடைக்குமாக நடந்து நடந்து வழியைச் சேறாக்குவான். அன்றைக்கு அவனுக்கு வேலை இருந்தது. முந்தின நாள் மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் எடுத்த பாலை உறைய வைத்து, கொட்டகையில் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். மரம் அவனுடையதல்ல, மெஷினும் அவனுடையதல்ல. இரண்டும் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்தவை. மெஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவள் மட்டும்தான் அவனுடையவள். மகள் லிஷா. கொல்லத்தில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அங்கேயே விளையாட்டு விடுதியில் தங்கி ஹாக்கி ஆடுகிறாள். விடுமுறைக்கு வந்திருந்தாள்.

கிருஷ்ணன்குட்டி நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றாமலே கொட்டகைக்குள் ஏறி நின்றார். ஒரு காலத்தில் ஹாக்கி ஆடியவர். இப்போது ஆடுகிற பிள்ளைகளை ஆள் தேடும் அணிகளோடு சேர்த்துவிடுவது அவருக்குத் தொழில்.

"விஜயதாசே, கோளடிச்சல்லோ, யோகமாக்கும்!" என்றார். "வடக்கே உள்ள டீமாக்கும். பெரிய லீக்கில ஆடுகவங்க. மோளை வேணும்னு சொல்லிட்டாங்க."

சக்கரம் நின்றது. விஜயதாஸ் கையிலிருந்த ஷீட் பாதி மெஷினுக்குள்ளும் பாதி வெளியேயும் தொங்கியது.

"எப்பம் போணும்?" என்று கேட்டவள் லிஷா.

"இந்த மாசக் கடைசியில கேம்ப். வாற திங்களாழ்ச்சைக்குள்ள உண்டா இல்லையான்னு சொல்லணும். ஒரு காரியம் மனசிலாக்கணும் மோளே. கையெழுத்துப் போட்டா பின்னே கல்லூரி டீமுக்கு ஆடப் பற்றாது, விடமாட்டாங்க. ஹாஸ்டலும் போகும். பின்னே களி, இந்த ஆட்டம்தான் உனக்க ஜோலி."

வடக்கத்தி அணி இவளைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. பெனால்டி கார்னர் கிடைத்ததும் பந்தைத் தடியோடு ஒட்டி இழுத்துக்கொண்டே ஓடி, கடைசி எட்டில் இடது காலை நீளமாக முன்னே வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில் இறக்கி, பந்தை வலைக்குள் சுண்டிவிட வேண்டும். டிராக் ஃப்ளிக் என்று சொல்வார்கள். பெண்களில் அதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. லிஷா செய்தால் கோலி குனிவதற்குள் கோல் பலகை 'டம்' என்று அலறும். ரப்பர் மெஷின் சுற்றிய கையாக்கும் என்று விஜயதாஸ் எல்லாரிடமும் சொல்லுவான். கைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, எல்லாம் கால்தான் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியும் அவன் கேட்டதில்லை.

கிருஷ்ணன்குட்டியின் ஸ்கூட்டர் வளைவு திரும்பவில்லை, விஜயதாஸ் சாயைக்கடைக்குப் போய்விட்டான். அவன் வயிற்றில் சோறு தங்கும், செய்தி தங்காது.

மறுநாள் சிவதாணு வந்தார். லிஷாவின் கல்லூரிப் பயிற்சியாளர். சுசீந்திரத்துக்காரர். கொல்லத்திலிருந்து ரயிலில் பாறசாலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் தொங்கி, கணுக்கால் வரை சேறோடு வந்து சேர்ந்தார். கிருஷ்ணன்குட்டியே அவருக்கும் போன் செய்து பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

சரோஜம் மரச்சீனியும் சாளைக் கறியும் விளம்பினாள். லிஷாவின் அம்மை. குளத்தூருக்குப் போகும் வழியில் இருக்கும் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். ஆபீஸ் முதலாளி வீட்டுக் கல்யாணம் என்று அன்று மத்தியானம்வரைதான் வேலை. சின்ன வயதிலிருந்து குந்தியிருந்து கொட்டை தல்லித் தல்லி, நாற்பது தாண்டுவதற்குள் அவளுடைய இரண்டு கால்முட்டுகளும் போய்விட்டன. சபையில் ஜெபத்துக்கு எல்லாரும் முழங்காற்படியிடும்போது அவள் மட்டும் நாற்காலியில் இருப்பாள். அதில் அவளுக்குத் தீராத வெட்கம் உண்டு.

"விஜயதாஸ், ஒரு காரியம் சொல்லுதேன், பொறுமையா கேளும்" என்றார் சிவதாணு. "பிள்ளைக்கு பத்தொம்பது வயசாக்கும். இன்னும் ஒரு வருஷம் கழிஞ்சா டிகிரி கையில. யுனிவர்சிட்டி டீமுக்கு இன்னொரு தடவை ஆடட்டும். பொறவு ரயில்வேயோ போலீசோ, ஒரு வேலை உறுதி. வேலை கையில இருக்கும்போ லீக்குக்கு போனா ஆரு வேண்டாம்னு சொல்லுகா?"

"ஒரு வருஷம் கழிஞ்சும் அவிய விளிப்பாவளா சார்?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுல்லா? அப்பம் விளிச்சவனை விட்டுட்டு விளிக்காதவனுக்கு காத்துக் கிடக்கணும். இதாக்கும் நீங்க சொல்லுகது."

"அவிய கேம்ப்ல இதுமாதிரி எத்தனை பிள்ளைய இருக்குன்னு நினைக்கீரு? ஒரு சீசன் ஆட விடாம பெஞ்சிலே உக்கார வச்சிட்டு அனுப்பிவிட்டா? படிப்பும் இல்ல, ஹாஸ்டலும் இல்ல. இஞ்ச வந்து மறுபடி மெஷின் சுத்துவாளா?"

விஜயதாஸ் மரச்சீனியைக் கறியில் முக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான். "சார், கோவப்படப்பிடாது. இந்த வருஷம் உங்க டீமுக்கு கார்னர் அடிக்க வேற ஆளு உண்டா?"

சிவதாணு சாப்பிடுவதை நிறுத்தினார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் சொந்தக் காரியம் என்று ஒன்று இருக்குமல்லவா.

"இல்ல" என்றார். "அவ போனா எனக்க டீம் படுத்திரும். அதை நான் மறைக்கல்ல. அதுக்காக நான் சொல்லுகது பொய்யாயிருமா வே?"

"பொய்யுன்னு சொல்லல்ல. கிருஷ்ணன்குட்டிக்கு அவனுக்க லாபம், உங்களுக்கு உங்க லாபம். எனக்க பிள்ளைக்க லாபத்தை நாந்தானே பாக்கணும்."

"சார்" என்றாள் லிஷா. கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். "எனக்கு இப்பமே போணும்."

"ஏம் பிள்ளே இந்த அவசரம்?"

"ஒரு வருஷத்துல என்னெல்லாம் நடக்கும்னு ஆரு கண்டா? இப்பம் அடிக்க முடியுது. இப்பம் விளிக்காவ. போறேன்."

சிவதாணு சரோஜத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க ஒண்ணும் சொல்லல்லியே?"

"ஜெபிச்சுட்டு சொல்லலாம் சார்" என்றாள் சரோஜம்.

எங்கள் பக்கத்தில் ஜெபித்துவிட்டுச் சொல்லலாம் என்றால் சரி என்றும் அர்த்தமாகும், மாட்டேன் என்றும் அர்த்தமாகும். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கக்கூடாது என்பது மட்டும் நிச்சயம். சிவதாணுவுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கை கழுவிவிட்டு சாயங்கால வண்டிக்குப் புறப்பட்டார். விஜயதாஸ் குடை பிடித்து பஸ் நிறுத்தம் வரை போனான். சண்டை போட்டாலும் மரியாதையை விடமாட்டான்.

வீட்டில் தாயும் மகளும் மட்டும். ரப்பரைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையில் ஷீட்டுகளைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அடுப்புக்கு விறகு தள்ள லிஷா குந்தினாள். குந்தினவள் எழும்பவில்லை. ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, இடது காலை நீட்டியபடி அப்படியே இருந்தாள்.

அண்டி ஆபீஸ்காரிக்கு முட்டு வலியை யாரும் அடையாளம் காட்டித் தர வேண்டாம். சரோஜம் கையிலிருந்த ஷீட்டைப் போட்டுவிட்டு வந்தாள்.

"எப்பம் தொட்டு மக்கா?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கிட்ட ஒண்ணுமில்லேன்னு சொல்லாத."

லிஷா கதவைப் பார்த்தாள். அப்பா வந்திருக்கவில்லை. "ஈஸ்டருக்குப் பொறவு" என்றாள். "கொல்லத்துல ஸ்கேன் எடுத்துப் பாத்தேன். மெனிஸ்கஸுன்னு ஒரு சவ்வு உண்டும்மா, முட்டுக்குள்ள. அது கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. தைக்கணுமாம். தைச்சா ஆறேழு மாசம் ஆடப்பிடாது."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. கிருஷ்ணன்குட்டி சாருக்கும் தெரியாது. ஸ்கேனுக்கு எனக்க டீம்ல உள்ள பிரசீதாவைக்கூட கூட்டிட்டுப் போகல்ல. ஹாஸ்டல்ல அவளுக்க கட்டிலு எனக்க கட்டிலுக்கு பக்கத்துல. ராத்திரி வலிச்சா போர்வையைக் கடிச்சுட்டுக் கிடப்பேன்."

"பின்னே எப்பிடி மோளே அங்க போய் ஆடுவே?"

"பட்டை போட்டு இறுக்கிக் கட்டினா அடிக்கலாம். ஒரு சீசன் அடிச்சிட்டேன்னா போதும். பொறவு அவங்களே வைத்தியம் பாப்பாங்க. அங்க அதுக்கு டாக்டரு உண்டு, எல்லாம் உண்டு. இப்பம் தெரிஞ்சா கூப்பிடவே மாட்டாங்க. ஆறேழு மாசம் கழிஞ்சு எனக்க பேரு ஆருக்கு ஞாபகம் இருக்கும்? காத்திருக்க எனக்கு நேரமில்லம்மா. இந்த முட்டுக்கும் நேரமில்ல."

சரோஜம் அந்த முட்டைத் தொட்டுப் பார்த்தாள். லேசாகச் சூடிருந்தது.

"ஆருட்டயும் சொல்லாத" என்றாள் லிஷா. "அப்பாட்ட சொல்லவே சொல்லாத. அவிய நாளைக்கே சாயைக்கடையில வச்சு விளம்பிருவாவ. எனக்க தலையில அடிச்சுச் சத்தியம் செய்."

"ஆணையிடப்பிடாது மக்கா. நம்ம வேதத்துல அது கிடையாது. சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன்."

லிஷாவுக்கு அது போதுமாயிருந்தது. ஸ்கேன் எடுத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அன்று ராத்திரி நிம்மதியாக உறங்கினாள். ரகசியத்தைச் சுமக்க இன்னொரு தோள் கிடைத்துவிட்டதே.

மறுநாள் புதன்கிழமை சாயங்காலம் வழக்கமான ஜெபக்கூட்டம். அந்த வாரம் மேலே ஒரு வீட்டில் முறை. சரோஜம் அண்டி ஆபீசிலிருந்து வந்து, கறை பிடித்த கையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சேலை உடுத்து, வேதப்புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு போனாள். விஜயதாஸ் போகவில்லை. மழை என்று சொன்னான். கூட்டத்துக்கு மட்டும் அவனுக்கு மழை பெய்யும்.

வியாழக்கிழமை காலையில் சாயைக்கடையில் நல்ல கூட்டம். அன்றும் வெட்டு இல்லை. விஜயதாஸ் பெஞ்சில் இருந்து கட்டன்சாயை குடித்தபடி, லீக்கில் ஆடுகிற பெண்கள் விமானத்தில்தான் போவார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தான். போன் மணியடித்தது. சபையின் போன் குழுவில், ஜெபம் நடத்தும் ஈசாக் உபதேசியாரின் குரல் செய்தி. வாரா வாரம் வரும் ஜெபக்குறிப்புகள். ஈசாக்குக்கு நல்ல கனமான குரல். அவர் பேசினால் யாரும் ஒலியைக் குறைப்பதில்லை. விஜயதாஸ் போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டான்.

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஸ்தோத்திரம். இந்த வாரத்து ஜெபக்குறிப்புகளைச் சொல்லுகிறேன். நம்முடைய ஒரு சகோதரியின் மருமகனுக்கு வளைகுடாவில் விசா காரியம் கைகூட ஜெபிப்போம். கொச்சுவிளையில் இருக்கும் தாயாருக்குச் சர்க்கரை வியாதி குறைய ஜெபிப்போம்." ஒரு செருமல். "நம்முடைய சகோதரி சரோஜத்தின் மகள் லிஷா ஹாக்கி விளையாட்டுக்கு வடக்கே அழைக்கப்பட்டிருக்கிறாள். அவளுடைய இடது முழங்காலுக்குள்ளே மெனிஸ்கஸ் என்கிற சவ்வு கிழிந்திருக்கிறது. ஸ்கேனில் கண்டிருக்கிறார்கள். தையல் போட வேண்டியது. இந்தக் காலோடு மகள் போகலாமா, போகக்கூடாதா என்று கர்த்தர் தாமே தெளிவாய்க் காட்டும்படி பாரத்தோடு ஜெபிப்போம்."

கடைக்காரர், "மோளுக்கு காலில அசுகமா விஜயதாசே? நீ சொல்லவேயில்லியே" என்றார்.

ஊர் மொத்தத்துக்கும் செய்தி சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, சொந்த வீட்டுச் செய்தி கடைசியாக வந்து சேர்ந்தது. விஜயதாஸ் சாயையைப் பாதியில் வைத்துவிட்டு, குடையை மறந்து, மழையோடு வீட்டுக்கு ஓடினான். சரோஜம் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். லிஷா கட்டிலில் இருந்தாள். அவள் கையிலும் போன். அவளும் கேட்டிருந்தாள்.

"உபதேசியாரு சொன்னது நேராக்குமா, உண்மைதானா?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"எட்டீ, நேரான்னு கேக்குதேன்!"

"நேராக்கும்."

"ஒனக்க அம்மைக்குத் தெரியும். ஈசாக்குக்குத் தெரியும். விசா கிடைக்காதவனுக்கும் சர்க்கரை உள்ளவளுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான் இந்த வீட்டில ஆராக்கும்? பாட்டத்துக்கு இருக்கியவனா?"

அப்போது லிஷாவின் போன் அடித்தது. கிருஷ்ணன்குட்டி. அவருடைய ஸ்கூட்டரைச் சரி பண்ணுகிறவன் அதே சபை. ஈசாக்கின் குரல் சாயை ஆறுவதற்குள் நெய்யாற்றின்கரை போய்ச் சேர்ந்துவிட்டது.

"மோளே, என்னோடு ஒரு வாக்கு சொல்லியிருக்கலாமே" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலாம். "நான் உனக்க காலுக்கு உத்தரவாதம் சொல்லிட்டேன் அவங்கட்ட. இனி அவங்களுக்கு வேற வழியில தெரிஞ்சா எனக்க பேரு என்னாகும்? நானே சொல்லியாகணும். ஸ்கேனை அனுப்பித் தா."

அனுப்பினாள். அன்றைக்குச் சாயங்காலமே பதில் வந்துவிட்டது. வேண்டாம். அடுத்த வருஷம் கால் சரியானால் பார்க்கலாம். வேறொரு பெண்ணிடம் ஏற்கனவே பேசியாகிவிட்டது. வேலை அவ்வளவு சுத்தம்.

அம்மை வருவதற்கு முன்பே லிஷா ஈசாக்கின் வீட்டுக்குப் போனாள். அவ்வளவு நாள் ஒளித்து நடந்த கால். அன்றைக்கு எல்லாரும் பார்க்கவே நொண்டிக்கொண்டு போனாள். இனி யாருக்கு ஒளிக்க வேண்டும்? ஈசாக் முற்றத்தில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா மோளே, வா. எல்லா வீட்டிலயும் ஒனக்காக முழங்கால்ல நிக்காவ."

"ஆரு கேட்டா உங்ககிட்ட?" என்றாள். "எனக்க காலு காரியத்தை ஊரு முழுக்க விளம்ப உங்களுக்கு ஆரு அதிகாரம் தந்தா? அம்மை வாய் தவறி ஒண்ணு சொன்னா, அதை உடனே குரூப்பில போட்டிருவியளா? நீங்க உபதேசியாரா, அல்லெங்கி மைக்செட்காரரா?"

ஈசாக்கின் முகம் மாறியது. கோழித்தீனிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"மோளே, நீ கூட்டத்துக்கு வந்து காலமாச்சு. ஒனக்கு மறந்து போயிருக்கும். வெளியே சொல்லக்கூடாத காரியமுன்னா, சொல்லாத விண்ணப்பம்னு ஒண்ணு உண்டு. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லுவேன். அப்பிடி விண்ணப்பம் உள்ளவங்க கையை மட்டும் உயத்துவாவ. என்ன ஏதுன்னு நானும் கேக்கமாட்டேன், கர்த்தருக்குத் தெரிஞ்சா போதும்."

அந்த வழக்கம் எங்கள் ஜெபக்கூட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடிக்கிற புருஷன், ஓடிப்போன மகன், வீட்டுக்குள் சொல்லமுடியாத சண்டை, எல்லாம் அந்தத் தூக்கிய கைகளுக்குள் இருக்கும். கண்ணை மூடியிருப்பதாகப் பெயர். யார் கை தூக்கினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், எதற்கு என்று மட்டும் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு ரகசியத்துக்கு அதற்குமேல் பாதுகாப்பு கிடையாது.

"ஒனக்க அம்மை" என்றார் ஈசாக், "நான் இங்க வந்த நாள் தொட்டு கை மட்டும்தான் தூக்கியிருக்கா. ஒரு தடவைகூட வாய் திறந்து ஒண்ணும் சொன்னது கிடையாது. நேத்து எழும்பி நின்னா. நிக்க முடியாத மனுஷி, நாற்காலியைப் பிடிச்சுட்டு நின்னா. நின்னு எல்லாத்தையும் சொன்னா. நான் கேட்டேன், இதை குரூப்பில போடலாமா சரோஜம், பிள்ளைக்க காரியமாச்சேன்னு. கண்டிப்பா போடணும் ஐயான்னா."

ஈசாக் தீனிப் பாத்திரத்தை மறுபடியும் கையில் எடுத்தார்.

"மெனிஸ்கஸுங்கிய பேரெல்லாம் எனக்கு எங்க தெரியும் மோளே? அவளாக்கும் சொல்லித் தந்தது. தப்பாப் போயிடப்பிடாதுன்னு ரெண்டாமதும் சொல்லித் தந்தா."

திரும்பி வரும் வழியில் அவளுக்குக் கால் வலித்ததா என்று கேட்டால் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்தபோது சரோஜம் வந்துவிட்டிருந்தாள். அடுக்களைப் படியில் இருந்து கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்டிக் கறை விரல்களில் கறுத்துக் கிடந்தது. விஜயதாஸ் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"நீ வாய் தவறிச் சொல்லிட்டேன்னு நினைச்சேன்" என்றாள் லிஷா.

சரோஜம் கையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லும்மா. வாய் தவறித்தானே சொன்னே? ஜெபத்துக்குன்னு நினைச்சுத்தானே சொன்னே? ஈசாக்கு மாமா பொய் சொல்லுகாரு இல்லியா?"

"அவரு பொய் சொல்லமாட்டாரு."

"அப்பம்?"

"தெரிஞ்சுதான் செய்தேன் மக்கா."

உள்ளே கட்டில் முனகியது. விஜயதாஸ் எழுந்து வாசலுக்கு வந்தான். "எட்டீ, ஒனக்கு ஒரு வாக்கு எனக்கிட்ட சொன்னா என்ன? நான் அவளுக்க தகப்பன் இல்லியா?"

"உங்ககிட்ட சொன்னா என்ன செய்திருப்பிய? வர்ம வைத்திய ஆசானுட்ட கொண்டு போய் எண்ணெ போட்டுத் தடவி, சரியாப் போச்சுன்னு வண்டி ஏத்தி விட்டிருப்பிய. விமானத்தைப் பத்தி கடையில சொல்லியாச்சே."

விஜயதாஸ் அப்படித்தான் செய்திருப்பான். அது அவனுக்கும் தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது. வாசலில் கிடந்த செருப்பை உதைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

"என்னைத் தடுக்கணும்னா எனக்கிட்ட சொல்லித் தடுத்திருக்கணும்" என்றாள் லிஷா.

"சொன்னா கேப்பியா?"

"கேக்கமாட்டேன். எனக்க காலாக்கும்."

"கேக்கமாட்டேன்னு தெரிஞ்சுதான் செய்தேன். நீ ஒரு வருஷம் ஆடுவே, ரெண்டு வருஷம் ஆடுவே. அதுக்குப் பொறவு உள்ள வருஷமெல்லாம் ஆரு ஆடுவா? நான் கக்கூசுக்கு இருக்கியது எப்பிடின்னு ஒனக்குத் தெரியாதா? ஒரு முட்டு போனா என்னெல்லாம் போகும்னு எனக்குத் தெரியுமா, அந்த வடக்கத்திக்காரனுக்குத் தெரியுமா?"

"நீ சாருட்ட சொல்லியிருந்தா நான் மன்னிச்சிருப்பேன். கிருஷ்ணன்குட்டி சாரை விளிச்சுச் சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். உனக்க பேருல நின்னு, இது சரியில்லேன்னு சொல்லியிருக்கணும். நீ அப்பிடிச் செய்யல்ல. கண்ணை மூடிட்டு ஜெபம்னு சொல்லி ஊரை விட்டுச் செய்ய வச்சே. சொல்லமாட்டேன்னு எனக்கிட்ட சொல்லிட்டு மற்றநாளே செய்தே."

"ஒனக்கு நல்லது..."

"நல்லதுதான். ஆரு இல்லேன்னு சொன்னா?" லிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் ஒனக்கிட்ட மட்டுமாக்கும் சொன்னேன். இந்த உலகத்துல ஒனக்கிட்ட மட்டும்."

சரோஜம் எழும்பப் பார்த்தாள். படியிலிருந்து ஒரேயடியாக எழும்ப அவளால் முடியாது; கதவுநிலையைப் பிடித்து இரண்டு தடவையாகத்தான் எழும்ப வேண்டும். அவள் எழும்பி முடிப்பதற்குள் லிஷா உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த மாதம், கர்க்கடகத்தில், திருவனந்தபுரத்தில் வைத்துத் தையல் போட்டார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர், ஒளிவில்லாமல் பேசுகிறவர். இன்னும் ஒரு சீசன் ஆடியிருந்தால் தைக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது, வெட்டி எடுத்திருக்க வேண்டியதுதான் என்றார். சரோஜம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் செய்தது சரி என்று படித்த ஒருவர் வாயால் வந்துவிட்டது. அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக் கிடந்தாள்.

ஈசாக் சபைக் குழுவில் ஸ்தோத்திரச் செய்தி போட்டார். விஜயதாஸ் அதைக் கேட்காமலே குழுவிலிருந்து விலகிக்கொண்டான். சாயைக்கடைக்குப் போகிறான், ஆனால் சாயை குடித்ததும் எழும்பிவிடுகிறான். சிவதாணு ஒரு நாள் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். விடுதியில் உன் கட்டிலைக் காலியாகத்தான் வைத்திருக்கிறேன், கார்னருக்கு இப்போதைக்கு பிரசீதாவை நிறுத்தியிருக்கிறேன், நீ வந்தபிறகு பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று லிஷா கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, தினமும் காலையிலும் சாயங்காலத்திலும் முழங்காலை மடக்கிப் பழக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வேலைக்கு இருந்த பெண் சரோஜத்தைக் கட்டிலருகே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் காட்டித் தந்தாள். குதிகாலை ஒரு கையில் தாங்கி, மற்ற கையைத் தொடைக்குக் கீழே வைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக மடக்க வேண்டும். வலி எங்கே தொடங்குகிறது என்று பிள்ளை சொல்லும். சொன்னதும் அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் தையல் விட்டுப்போகும். தாண்டாமல் முன்னாலேயே நிறுத்திக்கொண்டே வந்தால் முட்டு மடங்காமல் இறுகிப்போகும். பிள்ளை சொல்லுகிறதைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் அம்மா, வேறு அடையாளம் கிடையாது என்றாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் சரோஜம் வேலைக்குப் போகாமல் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு இருந்தாள். மழை விட்டிருந்தது. தூரத்தில் விஜயதாஸ் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தான். சரோஜம் மகளின் குதிகாலைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மடக்கினாள்.

"வலிக்குதா மக்கா?"

"இல்ல."

இன்னும் கொஞ்சம் மடக்கினாள். காலின் சதை கெட்டியாவது கையில் தெரிந்தது.

"இப்பம்?"

"இல்ல."

லிஷாவின் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. முகம் சுவர்ப்பக்கம்.

"மோளே, சொல்லு. எனக்கிட்ட சொல்லு. வலிக்குதா?"

"இல்லேன்னு சொன்னேம்லா."

சரோஜத்தின் கை அந்தரத்தில் நின்றது. இன்னும் மடக்கலாமா, இதற்குமேல் கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.